ஒன்றுக்கு முப்பத்தைந்து

பாயான் லெப்பாஸில் நான் வேலை செய்யும் அறைக்குள்
தூசிக்கு அனுமதி இல்லை.
பவுடர் கூடாது, கண்மை கூடாது,
பென்சில்கூடக் கூடாது.
தலை முதல் கால் வரை வெள்ளை உடுப்பில் இறங்கி
காற்றுக் குளியலில் இருபது விநாடி சுழன்றபின்
கண் இரண்டு மட்டும் உள்ளே போகும்,
பன்னிரண்டு மணி நேரத்துக்கு.

வீடு ரெலாவில், பதினோராவது மாடி.
வந்ததும் விளக்கைப் போட்டு
தூசி செய்ய உட்காருவேன்.

இப்போது மேசையில் நிற்பது ஜப்பான்காரன் டாங்கி,
சிலிம் ரிவர் சாலையில் ஒரு ஜனவரி விடியலில் வந்த வகை.
உள்ளங்கை நீளம்தான்.
சக்கரப் பட்டைக்கு எத்தனை கண்ணி என்று
எண்ணுவதை மூன்றாம் நாளே விட்டுவிட்டேன்.

ஜெலுத்தோங் கடையில் மிஸ்டர் கூ
ஒரு புட்டியை நீட்டினார்:
ருஷ்யச் சேறு, முப்பத்திரண்டு வெள்ளி.
அதைப் பூசினால் டாங்கிக்கே வழி தெரியாமல் போகும்
என்று சொல்லி
தூரிகை மட்டும் வாங்கி வந்தேன்.

தெலுக் கும்பாரில் குன்றை வெட்டிய இடத்தில்
ஒரு பை செம்மண் அள்ளினேன்.
வெயிலில் காயவைத்து தேயிலை வடிகட்டியில் சலித்தேன்.
போதவில்லை.
ஒரு மணல் பருக்கை
அந்த உலகத்தில் எலுமிச்சம்பழம்.
பழைய காலுறையில் மறுபடி சலித்தேன்,
கண்ணிமையில் படியும் அளவுக்கு.

துருவுக்கு அவசரம் உதவாது.
அடியில் துரு நிறம்,
அதன்மேல் முடிக்கு அடிக்கும் ஸ்ப்ரே,
அதற்கும் மேல் பச்சை.
காய்ந்ததும் ஈரத் தூரிகையால் சீண்டினால்
பச்சை உரிந்து
உள்ளே இருந்த வருஷங்கள் எட்டிப் பார்க்கும்.
ஆனால் எங்கே உரிக்கிறோம் என்று இருக்கிறது.
மேல் மூடியைத் திறக்கும் கை பிடிக்கிற இடம்,
ஏறுகிறவன் பூட்ஸ் மிதிக்கிற இடம்.
யாரும் தொடாத இடத்தில் தேய்த்தால் அது பொய்.

வீட்டுக்காரர் லோகநாயகம்
காரைக் கழுவிவிட்டு வந்து எட்டிப் பார்ப்பார்:
"காசு குடுத்துப் புதுசு வாங்கி
ராத்திரி முழுக்கப் பழசாக்குறியே."

செவ்வாய்க்கிழமை
நான்காம் எந்திரத்தில் ஒரு தட்டு முழுக்கப் பழுது.
திரையில் படம் போட்டார் எஞ்சினியர் ஃபைரூஸ்:
ஆறு மைக்ரான். இரும்பு ஆக்சைடு.
செம்பழுப்பு, ஓரமெல்லாம் கிழிந்து
கடலில் தனியாக நிற்கும் பாறை மாதிரி.
இருபத்தைந்து சில்லு குப்பைக்கு.

எனக்குத் தெரிந்த நிறம்.
என் மூன்றாவது புட்டி.

உண்மையைச் சொன்னால்
முதலில் வந்தது பயம் இல்லை.
அட, துருவின் ஓரம் இப்படியா இருக்கும்,
நான் வட்டம் வட்டமாக வைத்துக்கொண்டிருக்கிறேனே
என்றுதான் தோன்றியது.
பயம் அதற்குப் பிறகு வந்து
உடுப்புக்குள் வியர்த்தது.

"வீட்டில் யாராவது பெயிண்ட், வெல்டிங், தோட்ட வேலை?"
முப்பத்தொரு வெள்ளை உடுப்பு.
எல்லாக் கண்ணும் தரையைப் பார்த்தது.
முகத்தை மூன்று தரம் கழுவினேன், நிச்சயம்.
புருவத்தை?

கை தூக்கினேன்.
தூக்கியது யார் என்று அவருக்குத் தெரியவில்லை.
பக்கத்தில் வந்து
மார்பில் ஒட்டியிருந்ததைக் குனிந்து படித்தார்:
கோகிலவாணி.

ஒரு படிவம் கொடுத்தார்கள்.
காரணம் என்ற கட்டம் ஒரு விரல் அகலம்.
டாங்கி என்று எழுதினேன்.

அன்றிரவு
வலது மட்கார்டில் வட்டமாக இருந்த துருவையெல்லாம்
ஊசி முனையால்
ஓரம் ஓரமாகக் கிழித்துத் திருத்தினேன்.
முடிக்க மணி மூன்று.
பிறகு போய்ப் புருவத்தைக் கழுவினேன்,
சோப்புப் போட்டு, இரண்டு தரம்.